அடுத்த வண்டிக்கு வருகிறேன் என்றவர்

மேடையில் வீற்றிருக்கும் ஊராட்சித் தலைவர் அவர்களே, பயணியர் சங்கத்தின் செயலாளர் அவர்களே, இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு எங்கள் அழைப்பை மதித்து வந்திருக்கும் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளர் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் டைலரக்காவின் மகளே, சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க இடிக்க உட்கார்ந்திருக்கும் என் ஊர்க்காரர்களே, உள்ளே இடம் இருந்தும் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் ஓட்டுநர் அண்ணனே, நடத்துநர் அண்ணனே, அனைவருக்கும் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. நகரத்து மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறவள் நான். என் வேலைக்கு இரண்டு வாக்கியம் போதும். கையை நீட்டுங்கள் என்பேன். கொஞ்சம் வலிக்கும் என்பேன். இன்றைக்கும் அந்த இரண்டைத்தான் உங்களிடம் சொல்லப்போகிறேன்.

இந்த ஒலிவாங்கியை என் கையில் கொடுப்பதற்கு முன் செயலாளர் மாமா என் காதருகே குனிந்து ஒன்று சொன்னார். "எதை வேணா பேசும்மா. அந்த முறை விஷயத்தை மட்டும் எடுக்காத. மேனேஜர் உக்காந்திருக்காரு." நான் தலையாட்டினேன். மாமா, என்னை மன்னிக்க வேண்டும். தலையாட்டியபோதே அது பொய் என்று எனக்குத் தெரியும். நம் ஊருக்கு வரும் பேருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்று இந்த மாதக் கடைசியில் முடிவாகப்போகிறது. முடிவு எழுதப்போகிறவர் இதோ இந்த மேடையில் இருக்கிறார். அவர் முன்னால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று வந்ததிலிருந்து எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் முறை விஷயத்தை விட்டுவிட்டு டைலரக்காவைப் பற்றி எப்படிப் பேசுவது? அதை எடுத்துவிட்டால் அவர் வாழ்க்கையில் மீதி என்ன இருக்கிறது? நன்றாகத் தைத்தார், நன்றாகச் சிரித்தார் என்று சொல்லிவிட்டு நான் இறங்கிவிடலாம். அதற்கா இத்தனை பேர் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறோம்?

பயணியர் சங்கத் தலைவி என்பது அவருக்கு நாம் கொடுத்த பட்டம். டைலரக்கா என்பது ஊர் கூப்பிட்ட பெயர். எண்பது வயதுக்காரரும் அக்கா என்றார், எட்டு வயதுப் பிள்ளையும் அக்கா என்றது. சாலை வளையும் இடத்தில், பேருந்து திரும்பி நிற்கும் மண்திட்டுக்கு நேர் எதிரே அவர் கடை. ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், சுவரில் அறைந்த ஆணிகளில் பாதி தைத்த சட்டைகள். கழுத்தில் எப்போதும் இஞ்ச் டேப். சாப்பிடும்போதுகூட அதைக் கழற்றமாட்டார். "உங்களை யாராவது அளவெடுக்கச் சொல்லி ராத்திரி எழுப்புவாங்களா அக்கா?" என்று ஒரு முறை கேட்டேன். "இது கழுத்துல இருந்தாத்தான்டி என் தலை நேரா நிக்குது" என்றார்.

பேருந்து வராத காலம் இங்கே இருக்கும் பலருக்கு நினைவிருக்கும். பிரதான சாலை வரைக்கும் நடை. மழை பெய்தால் அதுவும் இல்லை. கர்ப்பிணியைக் கட்டிலோடு தூக்கிப் போன கதையை இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களே சொல்லியிருக்கிறீர்கள். தூக்கிப் போனவர்களும் இருக்கிறீர்கள், அன்று அந்தக் கட்டிலில் படுத்திருந்தவரும் இருக்கிறார். வண்டி கேட்டு மனு மேல் மனு போனது. கடைசியில் ஓர் அதிகாரி வந்தார். டைலரக்கா கடை ஸ்டூலில்தான் அவரை உட்கார வைத்தார்கள்.

"இந்த ஊரு ஜனத்தொகைக்கு வண்டி விட முடியாதும்மா. ஆளு கம்மி."

"வண்டி இல்லாததாலதான் சார் ஆளு கம்மியாகுது."

"முதல்ல ஆளுங்க இருக்கட்டும். அப்புறம் வண்டியப் பத்திப் பேசலாம்."

"முதல்ல வண்டி வரட்டும். அப்புறம் ஆளுங்க எங்க போறாங்கன்னு பார்க்கலாம்."

அதிகாரி சிரித்துவிட்டாராம். சிரித்தாரே தவிர வண்டி வரவில்லை. அன்று மாலை கடை வாசலில் ஒரு யோசனை பிறந்தது. வேலை தேடி வெளியூர் போய்விட்டவர்களையும் ஊரில் இருப்பதாகச் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்றார் ஒருவர். இன்னொருவர் ஒரு படி மேலே போய், "செத்தவங்களையும் சேர்த்துக்கலாமே, அவங்க வந்து இல்லைன்னா சொல்லப்போறாங்க?" என்றார். யார் என்று சொல்லமாட்டேன். அவர் இப்போது தலையைக் குனிந்துகொண்டு சிரிக்கிறார்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "போனவங்க பேரைச் சொல்லி வாங்குற வண்டி, இருக்கறவங்களையும் ஏத்திக்கிட்டுத்தான் போகும். வேணாம்." அதற்குப் பதிலாக என்ன செய்தார்? வாய்க்காலுக்கு அந்தப்புறம் இருக்கும் இரண்டு குடியிருப்புகளுக்கும் நடந்தார். அவர்கள் அதுவரை தனி ஊராகவே எண்ணப்பட்டு வந்தவர்கள். நமக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தைகூட அவ்வளவு கிடையாது. டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குப் பள்ளிச் சட்டை அளவெடுக்கிற சாக்கில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போனார். தோளை அளந்துகொண்டே பேருந்தைப் பற்றிப் பேசினார். இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் ஒரே நிறுத்தம் போதும், நம் எல்லோரையும் ஒன்றாக எண்ணச் சொல்லிக் கேட்போம் என்றார். கேட்டோம். எண்ணினார்கள். வண்டி வந்தது!

முதல் நாள் வண்டி வளைவில் திரும்பியபோது அக்கா மெஷினை நிறுத்தவே இல்லையாம். "எல்லாரும் வாயப் பிளந்துக்கிட்டு நின்னா, அப்புறம் யாரு ஏறுறது? ஏறுங்க!" என்று கடைக்குள்ளிருந்தே சத்தம் போட்டாராம்.

இங்கே எனக்குப் பயமாக இருக்கும் முதல் இடம் வருகிறது. வண்டி வந்தால் ஊர் நிற்கும் என்றார் அக்கா. நின்றதா? நாம் நேர்மையாகப் பேசுவோம். அந்த வண்டியில் ஏறித்தான் நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். அதே வண்டியில் ஏறித்தான் வேலைக்குப் போனார்கள். பிறகு திரும்பி வர அந்த வண்டி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அக்காவின் மகளும் அப்படித்தான் போனார். தவறு என்று யார் சொல்ல முடியும்? நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இந்த வகுப்பறையையே பாருங்கள். கரும்பலகை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, பிள்ளைகள் இல்லை. போதிய பிள்ளைகள் இல்லை என்று பள்ளியை அடுத்த ஊர்ப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் வசதி உள்ளவர்கள் இரு சக்கர வண்டி வாங்கினார்கள். பேருந்து காலியாயிற்று. வண்டியின் மத்தியான நடை போன வருடமே நின்றது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அவ்வளவுதான் மிச்சம்.

ஒரு நாள் நடத்துநர் அண்ணன் கடைப்பக்கம் வந்து சொன்னார். "அக்கா, இந்த வண்டி காத்தை ஏத்திக்கிட்டுப் போயிட்டிருக்கு. காத்துக்கு நான் டிக்கெட் கிழிக்க முடியாது. மேல கேக்க ஆரம்பிச்சுட்டாங்க."

அக்கா அன்று மெஷினை நிறுத்தினார்.

மேலாளர் அவர்களே, இனிமேல் நான் சொல்வதைத் தயவுசெய்து கடைசி வரை கேளுங்கள். அடுத்த நாளிலிருந்து இந்த ஊரில் ஒரு வழக்கம் தொடங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முறை. முறை வந்த நாளில் அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் காலை வண்டியில் ஏறி நகரத்துக்குப் போய், மாலை வண்டியில் திரும்ப வேண்டும். வேலை இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. உங்களிடம் பதிவான பயணிகளில் ஒரு பகுதியினர் போவதற்கு எந்தக் காரணமும் இல்லாமல் போனவர்கள். வண்டி நிற்கக்கூடாது என்பதற்காக மட்டுமே வண்டியில் ஏறியவர்கள். இதைத்தான் செயலாளர் மாமா என்னைச் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லிவிட்டேன்.

இது ஏமாற்று வேலை இல்லையா என்று அன்றே ஆடு வளர்க்கும் பெரியப்பா கேட்டார். அக்கா சொன்ன பதில் எனக்கு வார்த்தை பிசகாமல் நினைவிருக்கிறது. "ஆளு நிஜம். டிக்கெட்டு நிஜம். உக்கார்ற சீட்டும் நிஜம். போற வேலை மட்டும்தான் இல்ல. போயித் தேடிக்கோங்க."

போய்த் தேடிக்கொண்டார்களே! அதைத்தான் நான் சொல்ல வந்தேன். பெரியப்பாவின் முறை வந்தது. காரணமில்லாமல் எப்படிப் போவது என்று முந்தின நாளெல்லாம் புலம்பினார். "ஆட்டுக்காவது சந்தை இருக்கு, எனக்கு அங்க என்ன இருக்கு?" என்றார். நகரத்தில் இறங்கி எங்கே போவதென்று தெரியாமல் நடந்து, நிழல் இருக்கிறதே என்று கண் மருத்துவமனை வாசலில் உட்கார்ந்தார். உள்ளே கூப்பிட்டார்கள். போனார். இப்போது அவர் மூக்கின் மேல் இருக்கும் கண்ணாடி காரணமில்லாத பயணத்தில் வந்த கண்ணாடி. திரும்பி வந்து ஊர் முழுக்கச் சுற்றி, "என் ஆடுங்க இவ்வளவு அழுக்காவா இருக்கு? ஏன்டா ஒருத்தனும் சொல்லல?" என்று கேட்டவர் அவர்தான்.

பெரிய வீட்டு அத்தை இதே வரிசையில் இருக்கிறார். கல்யாணமாகி வந்ததிலிருந்து தனியாக ஊர் எல்லையைத் தாண்டியதில்லை. அந்த வீட்டு முறை வந்தபோது வீட்டு ஆண்களுக்கு வேலை இருந்தது. யார் போவது? அக்கா வாசலில் போய் நின்றார். "அத்தைய அனுப்புங்க."

"அதுக்கு அங்க என்ன தெரியும்?" என்றார் அந்த வீட்டு மாமா.

"தெரிஞ்சுக்கிட்டு வரட்டும். வண்டிக்குத் தெரியும்ல வழி."

அத்தை ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார். போகும்போது சேலை முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். வரும்போது தான் கடைக்குப் போய், தன் காலை நீட்டி, தானே அளவு பார்த்து வாங்கிய செருப்பைப் போட்டிருந்தார். அதுவரை அவர் செருப்பை யாரோ உத்தேசமாக வாங்கி வந்து கொடுத்தார்கள். எல்லாமே ஒரு அளவு பெரியதாக இருந்ததாம். அடுத்த முறை வந்தபோது அந்த மாமா கிளம்பி நின்றார். "நீங்க இருங்க, வெயிலு அதிகமா இருக்கு, நான் போயிட்டு வர்றேன்" என்றார் அத்தை!

இப்படி எத்தனை பேர்! காரணமில்லாமல் போனவர்களுக்கு மெல்ல மெல்லக் காரணம் கிடைத்தது. நூலகம் போகிறவர் ஒருவர். பல் கட்டிக்கொண்டவர் ஒருவர். பேச்சை நிறுத்தியிருந்த அண்ணனைப் பார்க்கப் போய்ப் பேசிவிட்டு வந்தவர் ஒருவர். நான் தினமும் வேலைக்குப் போகிறவள். என் பக்கத்தில் இன்று யார் முறை என்று பார்ப்பதற்காகவே காலையில் ஒரு ஆவலோடு ஏறுவேன். இது பொய்ப் பயணமா? எனக்குத் தெரியவில்லை. வண்டி இருப்பதால் ஊர் பயணம் போனதா, ஊர் பயணம் போனதால் வண்டி இருந்ததா? பிரித்துச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

பிறகு கணக்கெடுப்பு அறிவிப்பு வந்தது. குறிப்பிட்ட ஒரு நாளில் உங்கள் ஆட்கள் வண்டியிலேயே வந்து எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுவார்கள். அதைப் பொறுத்துத்தான் முடிவு. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து ஊர் தூங்கவில்லை. இருவர் பேசினால் அதே பேச்சு. ஒரு நாள் காலியாகப் போனால் எல்லாம் போயிற்று என்ற நினைப்பு. அக்கா ஒரு முடிவு செய்தார். அன்று முறை கிடையாது. அன்று எல்லோரும். இரு சக்கர வண்டி வைத்திருப்பவர்கள் அதை வீட்டில் பூட்டிவிட்டு வர வேண்டும். கைக்குழந்தைக்காரி குழந்தையோடு வர வேண்டும். நடக்க முடிந்த ஒருவர்கூட ஊரில் இருக்கக்கூடாது.

இதற்கிடையில் அக்காவுக்கு இடது கையில் ஒரு வலி இருந்தது. மெஷின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்த வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். சக்கரத்தை அவர் வலது கையால்தான் சுற்றுவார். நான் அதைச் சொல்லி வற்புறுத்தி, மருத்துவரிடம் நேரம் வாங்கினேன். எந்த நாள் வேண்டும் என்றதற்கு, அந்தக் கணக்கெடுப்பு நாளைத்தான் அவரே கேட்டு வாங்கினார். கேட்டுவிட்டு ஒரு சிரிப்பு. "அன்னைக்கு வண்டியில ஏறுற எல்லாரும் சும்மா வருவாங்க. நான் ஒருத்திதான்டி நிஜப் பயணி."

நான் முந்தின நாள் பணி முடியத் தாமதமாகி, மாலை வண்டியைத் தவறவிட்டு, நகரத்தில் தோழி அறையில் தங்கியிருந்தேன். அன்று காலை மருத்துவமனை வாசல் நிறுத்தத்தில் நின்றேன். வண்டி வந்தது. அப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததே இல்லை. படிக்கட்டில் ஆள், பின்வாசலில் ஆள். நல்ல சட்டை போட்ட ஆட்கள். இறங்க இறங்க ஊரே இறங்கியது. பெரியப்பா என் கையைப் பிடித்து, "நிறைஞ்சிடுச்சு பாத்தியா! எண்ண வந்தவருக்கே நிக்க இடமில்ல, என் தோள்ல சாஞ்சுக்கிட்டுத்தான் எண்ணுனாரு!" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். எல்லோரும் இறங்கி வண்டி நகர்ந்த பிறகுதான் கேட்டேன்.

"டைலரக்கா எங்க?"

"அடுத்த வண்டிக்கு வர்றேன்னுச்சு."

அவையோரே, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

அடுத்த வண்டி எது? இந்த ஊரில் இதைத் தெரியாதவர் யார்? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நம் குழந்தைகள் வண்டி நேரம் சொல்லும். காலை வண்டியை விட்டால் மாலை வண்டிதான். அதுவும் நகரத்திலிருந்து ஊருக்கு வருகிற வண்டி. அடுத்த வண்டி என்று ஒன்று கிடையவே கிடையாது. வண்டியே இல்லையென்றுதானே அன்று மனு எழுதினோம்? இருக்கும் வண்டியும் போய்விடக்கூடாது என்றுதானே முறை வைத்தோம்? ஆனாலும் அக்கா கீழே நின்றுகொண்டு அந்த வார்த்தையைச் சொன்னபோது, வண்டி முழுக்க இருந்த ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டத்தைப் பார்த்த மகிழ்ச்சியில், நிறைய வண்டி ஓடுகிற ஊர்க்காரர்கள் மாதிரி ஒரு நிமிடம் ஆகிவிட்டோம்.

நடத்துநர் அண்ணன் மட்டும் கூப்பிட்டிருக்கிறார். "அக்கா, எப்படியாவது ஏறிடுங்க." ஏற வழி இல்லை. அக்கா கடைசி ஆள் வரைக்கும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்: "உள்ள போ, உள்ள போ, இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு." அவருக்கே இடம் இல்லாமல் போகும் வரைக்கும் தள்ளினார். யாராவது ஒருவர் இறங்கியிருக்கலாமே? இறங்க நினைத்தவர்கள் இருந்தார்கள். என்னிடம் தனித்தனியாக வந்து சொல்லியிருக்கிறார்கள். ஏன் இறங்கவில்லை? "நான் இறங்கினா ஒரு ஆளு குறைஞ்சிடுமேன்னு பார்த்தேன்" என்றார்கள். எல்லோரும் அதையே சொன்னார்கள். ஒருவர் இறங்கி அக்கா ஏறினால் கணக்கு அதே கணக்குத்தான். அந்தச் சின்னக் கூட்டல் கழித்தல் அன்று அந்த வண்டியில் ஒருவர் மனதிலும் ஓடவில்லை. ஆள் குறையும், ஆள் குறையும் என்று பயந்து பயந்தே நமக்கு அப்படி ஒரு புத்தி வந்துவிட்டது.

நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். "கொஞ்சம் அசதியா இருக்கு. சாயங்காலம் பார்த்துக்கலாம். நீ வேலையப் பாரு" என்றார். அவரைப் பார்க்கச் சொல்லி ஊரில் யாரைக் கூப்பிடுவது? ஊர் முழுக்க நகரத்தில் இருந்தது. இரு சக்கர வண்டிகள் எல்லாம் பூட்டியிருந்தன. நடக்க முடியாதவர்களும் அக்காவும் மட்டுமே ஊரில் இருந்தார்கள்.

மாலை வண்டி கூச்சலும் சிரிப்புமாக வளைவில் திரும்பியபோது கடைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அக்கா தரையில், மெஷின் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வேர்த்து வேர்த்து ரவிக்கை நனைந்திருந்தது. வண்டி இரவு ஊரிலேயே தங்க வேண்டிய வண்டி. ஓட்டுநர் அண்ணன் யாரையும் கேட்கவில்லை. திருப்பினார். அக்காவைப் பின் இருக்கையில் படுக்க வைத்தார்கள். மேலாளர் அவர்களே, அன்று உங்கள் அனுமதி இல்லாமல் ஒரு நடை போயிற்று. டிக்கெட் கிழிக்கவில்லை. அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டுமென்றால் ஊர் சொல்லும். ஜன்னலுக்கு வெளியே நிற்கிறாரே, அவரை மட்டும் கேட்காதீர்கள்.

மருத்துவர் என்னிடம் சொன்னது ஒரே வரி. "காலையிலேயே வந்திருந்தா பார்த்திருக்கலாம்."

அதன் பிறகும் சில நாள் இருந்தார். நான் பணி முடிந்து பக்கத்தில் உட்கார்வேன். நினைவு தெளிந்த ஒரு மாலை கேட்டார். "வண்டி நிறைஞ்சுதா?"

"நிறைஞ்சுதுக்கா."

"வண்டிய ரொம்பப் பிடிச்சுத் தைச்சுட்டேன்டி. உள்ள கொஞ்சம் துணி விட்டிருக்கணும்" என்றார். பிறகு தன் பேச்சுக்குத் தானே சிரித்தார். சிரித்தால் வலித்தது. அதனால் நான் வேறு பேச்சுக்குப் போனேன்.

அவர் போன மறுநாள் அவர் மகள் என்னிடம் ஒன்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார். "எங்கம்மாவுக்காக ஒருத்தர்கூடவா கீழ இறங்கல?" தங்கச்சி, இதுவரை நான் சொன்னதெல்லாம் அதற்கான பதில். நல்ல பதில் இல்லை. ஆனால் உன்னிடம் மறைத்துவிட்டு உன் அம்மாவைப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

மேலாளர் அவர்களே, அன்றைய உங்கள் கணக்கு நிறைந்த கணக்கு. ஏறியவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். போக வேண்டிய தேவை உண்மையிலேயே இருந்த ஒரே ஒருவர் மட்டும் அதில் இல்லை! வண்டியில் ஏறுகிறவர்களை நீங்கள் எண்ணுகிறீர்கள். வண்டி இல்லாவிட்டால் கடை வாசலில் சாய்ந்து உட்கார்ந்துவிடப் போகிறவர்களை எப்படி எண்ணுவீர்கள்? அதற்கு உங்களிடம் ஏதாவது முறை இருக்கிறதா? இருந்தால் எங்களுக்குச் சொல்லுங்கள். ஆள் கம்மி என்று பள்ளி போயிற்று. ஆள் கம்மி என்று மத்தியான நடை போயிற்று. அவை போனதால் ஆள் இன்னும் கம்மியாயிற்று. இது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குத் தெரியாது. படுத்தால் கண்ணை மூடவிடாத கேள்வி அது.

ஊர்க்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அக்கா போன நாளிலிருந்து காலை வண்டி எப்படிப் போகிறது என்று உங்களுக்குத் தெரியும். நான் ஒருத்தி, சில நாள் இன்னும் ஒருவர் இருவர். இன்று யார் முறை என்று கேட்க ஆள் இல்லை. கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வண்டி வளைவில் திரும்பும்போது நீங்கள் வீட்டுக்குள் போய்விடுவதைப் பார்க்கிறேன். அந்தப் படிக்கட்டைப் பார்க்க உங்களுக்கு மனம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. ஆனால் பெரியப்பா, கண்ணாடி போட்டுக்கொண்டு நீங்களும் பார்க்காமல் இருந்தால் எப்படி? நிறைத்தது தவறு என்றா நினைக்கிறீர்கள்? ஏறியது தவறில்லை. இறங்கத் தெரியாமல் போனதுதான் தவறு. இப்போது ஏறாமலே இருந்தால் அந்தத் தவறு சரியாகிவிடுமா?

ஆகவே இந்த அவையின் முன் நான் ஒரு தீர்மானத்தை வைக்கிறேன். செயலாளர் மாமாவிடம் கேட்கவில்லை, இங்கேயே கேட்கிறேன். முறை தொடரட்டும், ஆனால் ஒளிவுமறைவு இல்லாமல். கழகத்துக்குத் தெரிந்தே தொடரட்டும். முன்வாசலை ஒட்டிய இருவர் இருக்கையில் நம் ஊரில் முறைக்குப் போகிறவர் எவரும் உட்காரக்கூடாது. எத்தனை கூட்டம் இருந்தாலும், யார் எண்ண வந்தாலும் சரி, அது உடம்புக்கு முடியாமல் வருகிறவருக்கு. அப்படி ஒருவர் வந்து இடம் இல்லையென்றால், காரணமில்லாமல் போகிறவர் இறங்க வேண்டும். யார் சொல்லியும் அல்ல. தானாக. சம்மதமென்றால் கையை நீட்டுங்கள்.

நன்றி. அத்தை, உங்கள் கைதான் முதலில் வந்தது. நன்றி.

இந்த இடத்தில் நான் இன்னொரு உறுதிமொழியும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். அக்கா விட்ட பணியை என் ஆயுள் முழுக்கச் சுமப்பேன் என்று. சொல்லமாட்டேன். எனக்கும் நகரத்தில் அறை பார்த்திருக்கிறார்கள். வீட்டில் பேச்சு நடக்கிறது. நான் எத்தனை நாள் இங்கே இருப்பேன் என்று எனக்கே தெரியாது. அக்காவின் படத்தின் முன்னால் பொய் சொன்னால் இஞ்ச் டேப்பால் ஒரு அடி விழும். இந்த மாதம் முழுக்க, முடிவு வரும் வரைக்கும், ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வந்து நாளைக்கு யார் முறை என்று நான் கேட்பேன். அவ்வளவுதான் என்னால் இன்று சொல்ல முடியும். அதற்குப் பிறகு கேட்க இன்னொருவர் வேண்டும். யார் என்று இன்றே யோசிக்கத் தொடங்குங்கள்.

எங்கள் தலைவிக்கு, எங்கள் டைலரக்காவுக்கு, ஊர் முழுவதையும் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் கீழே நின்ற எங்கள் அக்காவுக்கு, என் அஞ்சலி.

அடுத்துப் பேச வேண்டியவர் கிளை மேலாளர் அவர்கள். மறைக்க எங்களிடம் இனி எதுவும் இல்லை சார். நாங்கள் சொன்னதை வைத்து வண்டியை நிறுத்தவும் உங்களால் முடியும், விடவும் முடியும். எங்களுக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பரவாயில்லை. வந்து பேசுங்கள்.